பத்துக்கு அப்பால்: அரியமங்கலம் முதல் கவிநாடு வரை

அரியமங்கலம்

திருச்சிராப்பள்ளி மாநகரின் கிழக்குப் பகுதியில், தஞ்சாவூர் சாலையும் சென்னைப் புறவழிச்சாலையும் நெருங்கிவரும் இடத்தில், அரிசி ஆலைகளுக்கும் வாகனப் பட்டறைகளுக்கும் சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகத்துக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே பரந்து கிடக்கும் அரியமங்கலம், ஓட்டப் பயிற்சிக்குப் பேர்போன ஊர் அன்று. வெளியூரார் இவ்வூரை அறிந்திருப்பது பெரும்பாலும் ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்பில் விரிந்த மாநகராட்சிக் குப்பைக் கிடங்கினால்தான். பல பத்தாண்டுகளாகக் குவிந்து மேடுகளாகிப் போன பழங்குப்பையைத் தோண்டியெடுத்து, மண், கல், நெகிழி, துணி என்று சலித்துப் பிரிக்கும் 'பயோமைனிங்' பணி அண்மை ஆண்டுகளில் அங்கே நடந்துவந்திருக்கிறது. இத்தகைய ஊரிலும் விடியுமுன் எழுந்து காலணியை இறுகக் கட்டிக்கொண்டு சாலைக்கு வருவோர் இருக்கிறார்கள் என்பதே இப்பயணம் இங்கிருந்து தொடங்கக் காரணம்.

தமிழகத்தின் சிறுநகரங்களிலும் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்களில் பங்கேற்போர் இன்று பெருகிவிட்டனர். ஆனால் 10 கிலோமீட்டரை எளிதாகக் கடந்தவர், 21.0975 கிலோமீட்டர் நீளமுள்ள அரை மாரத்தானுக்கும், அங்கிருந்து 42.195 கிலோமீட்டர் நீளமுள்ள முழு மாரத்தானுக்கும் செல்ல முற்படும்போது, அதுவரை கைகொடுத்த வேகமும் உற்சாகமும் பாதி வழியில் கைவிட்டுவிடுவதைக் காண்கிறார். (மாரத்தானின் இந்த விந்தையான அளவு 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கம்வரை ஓடப்பட்ட தூரம், 1921இல்தான் அது உலகம் முழுவதற்குமான அளவாக நிலைபெற்றது.) தூரம் இரட்டிப்பானால் உழைப்பும் இரட்டிப்பாகும் என்ற எளிய கணக்கு ஏன் பொய்க்கிறது, அதற்கு உடலும் ஊரும் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பவற்றைக் காவிரிக் கரை ஓட்டக்காரர்களோடு சென்று காண்பதே இப்பயணத்தின் நோக்கம்.

தை மாத ஞாயிறு ஒன்றில், நாலரை மணிக்கு, தேநீர்க் கடையின் விளக்கொளியில் ஐந்து பேர் கூடியிருந்தனர்: பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர், வங்கி ஊழியரான பெண்மணி, மின்பணியாளர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர். முதல் முழு மாரத்தானுக்காகப் பயிற்சி எடுத்துவந்த மின்பணியாளரின் வலக்கால் பெருவிரல் நகம் கருத்துப்போயிருந்தது. இறக்கங்களில் விரல் காலணியின் முனையில் மோதி மோதி நகத்துக்கடியில் குருதி கட்டிக்கொள்வது நெடுந்தூர ஓட்டக்காரர் பலருக்கும் நேர்வதுதான். காலணியை அரை அளவு பெரிதாக வாங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று முதியவர் சொல்ல, மின்பணியாளரோ நகம் போனால் முளைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுக் காலுறையை மேலே இழுத்துக்கொண்டார்.

பால்பண்ணை, காந்தி மார்க்கெட்

பால்பண்ணை ரவுண்டானாவைக் கடந்ததும் கனரக வண்டிகளின் புகையும் இரைச்சலும் பின்தங்கி, மார்க்கெட்டின் மணம் எதிர்கொள்கிறது. மற்ற ஊர்கள் உறங்கும் நேரத்தில் காந்தி மார்க்கெட் உச்சத்தில் இருக்கிறது. வெங்காய மூட்டைகள், கொத்தமல்லிக் கட்டுகள், ஈரச் சாக்குகள், இவற்றுக்கப்பால் வாழைக்காய் மண்டியில் வரிசையாகச் சாய்த்துவைத்த தார்கள். காவிரிப் படுகையின் பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் ஏலரிசியும் இங்கிருந்துதான் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்கின்றன. நாட்டின் வாழை ஆராய்ச்சிக்கான தேசிய மையம் 1993இல் திருச்சியில் அமைக்கப்பட்டதும் இந்த மண்ணின் வாழை வளத்தைக் கருதியே.

நெடுந்தூர ஓட்டத்தின் முதல் பாடம் உண்மையில் இந்த மண்டியில்தான் இருக்கிறது. ஓடும் மனிதன் தன் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறான். 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 600, முழு மாரத்தான் ஓடினால் 2,500க்கு மேல். உடல் தன் மாவுச்சத்தைத் தசையிலும் கல்லீரலிலும் 'கிளைக்கோஜன்' என்னும் வடிவில் சேமித்துவைக்கிறது. அந்தச் சேமிப்பு பொதுவாக 2,000 கிலோகலோரி அளவோடு நின்றுவிடுகிறது. 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த இந்தக் கையிருப்பே போதும், வழியில் எதையும் உண்ண வேண்டியதில்லை. 42 கிலோமீட்டர் ஓடுபவரின் கையிருப்போ 30 முதல் 35 கிலோமீட்டருக்குள் தீரும் நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போது உடல் கொழுப்பை மட்டுமே பெரிதும் நம்ப வேண்டியிருப்பதாலும், கொழுப்பு மெல்லத்தான் எரியும் என்பதாலும், கால்கள் ஈயம் போலக் கனத்து, மனமும் சோர்ந்துபோகிறது. ஓட்டக்காரர்கள் இதனைச் 'சுவரில் மோதுவது' என்கிறார்கள். 10 கிலோமீட்டர் மட்டுமே ஓடிப் பழகியவர் இச்சுவரை ஒருபோதும் கண்டதில்லை. ஆகவே அது இருக்கிறது என்பதையே நம்ப மறுக்கிறார்.

இதற்கான மருந்து, ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை மாவுச்சத்தை உட்கொள்வது. நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. பெருநகர ஓட்டக்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் 'ஜெல்' பொட்டலத்தின் வேலையை மண்டியோரம் வாங்கிய இரண்டு ஏலரிசிப் பழங்கள் செய்துவிடும். வங்கி ஊழியர் அவற்றை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாற்பது நிமிடத்துக்கும் ஒன்றாக உண்பதைப் பழக்கமாக்கியிருந்தார். ஓடிக்கொண்டே உண்பதற்கும் பயிற்சி தேவை. ஓட்டத்தின்போது குருதி வயிற்றை விட்டுத் தசைகளுக்குச் செல்வதால், பழகாத வயிறு உணவை ஏற்க மறுத்துக் குமட்டும்.

மண்டியில் தார் இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், தலையில் சும்மாட்டைச் சரிசெய்தபடி, ஓடுபவர்களைப் பார்த்துச் சொன்ன சொல்லைக் குறித்துவைப்பது தகும்: "முதல் நடையில வேகமாத் தூக்கிட்டு ஓடுறவன் விடியறதுக்குள்ள உக்காந்துடுவான் தம்பி. ராத்திரி முழுக்கச் சுமக்கணும்னா மொத நடையும் கடைசி நடையும் ஒரே மாதிரி இருக்கணும்." பயிற்சி நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் சீரான வேகப் பங்கீட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

காவிரிப் பாலம்

மலைக்கோட்டையின் நிழலைக் கடந்து சிந்தாமணி வழியாகக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்திருந்தது. மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுவதால், தை மாதத்தின் காவிரி நிறைந்தும் ஓடுவதில்லை, வற்றியும் போவதில்லை. மணல் திட்டுகளுக்கிடையே இரண்டு மூன்று பிரிவாக ஒதுங்கி நகர்கிறது. அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள இப்பாலத்தில் கல்லூரி மாணவர்கள் இருவரும் திடீரென்று வேகமெடுத்தனர். முதியவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல போங்க தம்பி. மூச்சு வாங்கினா அது இன்னைக்கு உள்ள ஓட்டம் இல்ல."

தூரத்தைக் கூட்ட விரும்புவோர் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். வாரம் ஒருமுறை ஓடும் 'லாங் ரன்' எனப்படும் நீளோட்டத்தையும் தங்கள் 10 கிலோமீட்டர் பந்தய வேகத்திலேயே ஓட முற்படுகின்றனர்; அடுத்த மூன்று நாட்கள் படியேற முடியாமல் அவதிப்படுகின்றனர். உண்மையில் நீளோட்டம் மெதுவாக ஓடப்படுவதால்தான் பயன் தருகிறது. மெதுவான, நெடிய ஓட்டத்தில் தசைகளைச் சுற்றிய நுண்குழாய்கள் பெருகுகின்றன; உயிரணுக்களின் ஆற்றல் உலைகளான இழைமணிகள் எண்ணிக்கையில் கூடுகின்றன; கொழுப்பை எரிபொருளாகக் கொள்ளும் திறன் வளர்கிறது. நியூசிலாந்தின் பயிற்றுநர் ஆர்தர் லிடியர்ட், 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லையே மலைச்சாலைகளில் 35 கிலோமீட்டர் தூர நீளோட்டங்களுக்கு அழைத்துச் சென்றவர். ஸ்னெல் 1960இல் ரோமில் 800 மீட்டரிலும், 1964இல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பந்தயத்துக்கே நெடுந்தூர அடித்தளம் வேண்டியிருந்தது என்றால், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடப்போகிறவர் அந்த அடித்தளத்தைத் தவிர்க்க எண்ணுவது பொருந்தாது.

தூரம் கூடும்போது பந்தய வேகம் எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, தூரம் எத்தனை மடங்கு பெருகுகிறதோ அந்த எண்ணின் 1.06ஆம் அடுக்கால் நேரம் பெருகுகிறது. 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுபவர், தூரத்துக்கு நேர்விகிதமாகக் கணக்கிட்டால் முழு மாரத்தானை 4 மணி 13 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ரீகலின் கணக்கு 4 மணி 36 நிமிடம் என்கிறது. அதுவும் அந்தத் தூரத்துக்கு உரிய பயிற்சியை முழுமையாக முடித்தவருக்கான கணக்கு. மின்பணியாளர் தமது முதல் இலக்காக 4 மணி 10 நிமிடத்தைக் குறித்துவைத்திருந்தார். பாலத்தின் நடுவே, மூச்சிரைக்காத வேகத்தில், ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளச் சொல்லி முதியவர் அவரோடு வாதிட்டுக்கொண்டே சென்றார். முதியவர் பக்கமே நியாயம் இருந்தது.

திருவரங்கம்

அம்மா மண்டபத்தில் ஈரத்துணியோடு படியேறுவோருக்கும் பூக்கடைகளுக்கும் ஒதுங்கி, ராஜகோபுரத்தின் அடியை அடையும்போது அரியமங்கலத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆகியிருந்தது. திரும்பிப் போனால் அரை மாரத்தானை நெருங்கும். அந்த வகையில் இவ்விரண்டு ஊர்களும் ஓட்டக்காரருக்கு இயற்கையாக அமைந்த அளவுகோல்கள்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், 156 ஏக்கர் பரப்பில், ஒன்றனுள் ஒன்றாக ஏழு திருச்சுற்று மதில்களைக் கொண்ட இக்கோயிலின் மதில்களனைத்தையும் சேர்த்து அளந்தால் 32,592 அடி என்பது நூல்களில் வழங்கும் கணக்கு. இதனை இன்றைய அளவில் மாற்றினால் 9.93 கிலோமீட்டர் கிடைக்கிறது. 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அறுபத்தாறு மீட்டரே குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் இது தற்செயல். ஆயினும் இந்த மதில்களின் அமைப்பு நெடுந்தூரப் பயிற்சியின் இயல்பை நன்றாக விளக்குகிறது. ஒவ்வொரு சுற்றும் தனக்கு உள்ளே இருக்கும் சுற்றை முழுவதுமாகத் தன்னுள் அடக்கிக்கொண்டுதான் விரிகிறது, உட்சுற்று நிற்காமல் வெளிச்சுற்று எழவில்லை. அவ்வாறே 21 கிலோமீட்டர் என்பது 10இன் மீது ஒட்டவைத்த மற்றொரு 10 ஆகாது. 10 கிலோமீட்டரை உடல் ஒரு பொருட்டாகக் கருதாத நிலை வந்த பிறகே அது விரியத் தொடங்குகிறது. இந்த மதில்கள் பல நூற்றாண்டுகளில் பலர் கைப்பட எழுந்தவை. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன ராஜகோபுரமோ 1987இல்தான் 236 அடி உயரத்துக்கு நிறைவுபெற்றது.

உடலின் பகுதிகளும் ஒரே கால அளவில் வளர்வதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. தசை அதற்குப் பிறகு. தசைநாண்களும் எலும்பும் பல மாதங்கள் எடுத்துக்கொள்கின்றன. மூச்சு வாங்காததால் தன்னால் முடியும் என்று நம்பித் தூரத்தை ஏற்றுபவரின் குதிநாணும் முழங்காலும் கீழ்க்கால் எலும்பும் அந்த நம்பிக்கையின் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டலாகாது என்று ஒரு வழக்கு ஓட்டக்காரரிடையே உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில் (2008), இந்தப் பத்து விழுக்காட்டு வழியில் சென்றவர்களுக்கும் வழக்கமான வேகத்தில் தூரத்தைக் கூட்டியவர்களுக்கும் காய விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே, ஐவரில் ஒருவருக்கு என்ற அளவில், இருந்தது. ஆகவே எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது சரியாகாது. மூன்று வாரம் ஏற்றி நான்காம் வாரம் இறக்குவது, ஒரு வலி இரண்டு ஓட்டங்களுக்கு மேல் அதே இடத்தில் நின்றால் ஓய்வெடுப்பது என்னும் அனுபவ வழக்கங்களே பாதுகாப்பானவை.

உத்திர வீதியில் வாசல் தெளித்துக் கோலமிட்டிருந்த பெண்களைப் பார்த்து, ஓடுபவர்கள் ஒவ்வொரு வாசலிலும் ஓர் அடி விலகிச் சாலை நடுவே சென்றனர். ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி, வங்கி ஊழியரை நிறுத்தி, "ஏம்மா, யாராவது துரத்தறாளா?" என்று கவலையோடு கேட்க, அவர் நின்று, மூச்சை அடக்கி, போட்டிக்குப் பயிற்சி என்று விளக்கி, பாட்டியின் கையிலிருந்த வெந்நீரில் ஒரு மிடறு குடித்துவிட்டே சென்றார். அரியமங்கலத்தின் சாலையில் இருளில் தனியாக ஓட அவரால் இயலாது; துணையின்றி ஒரு நாளும் புறப்பட்டதில்லை என்றார். இந்த வீதிகளில் மட்டும் அவர் முன்னே சென்று தனியாக ஓடினார். நெடுந்தூரம் பயிலும் பெண்களுக்கு உடலின் தடைகளைவிட நேரமும் வெளிச்சமும் துணையும் பெரிய தடைகள் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

ஓட்டம் முடிந்து திருவானைக்காவலில் நெய் தோசையும் காபியும் உண்டபோது, மின்பணியாளரின் கருநிறச் சட்டையில் மார்புக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகளாக உப்புப் பூத்திருந்தது.

கொள்ளிடக் கரை

அந்த உப்பின் கதை கொள்ளிடத்துக்கு வடக்கே தொடர்கிறது. கொள்ளிடத்தின் அகன்ற மணற்படுகையைக் கடந்து செல்லும் சாலை சமயபுரத்துக்கு இட்டுச் செல்கிறது. மாசி மாதப் பூச்சொரிதலின்போதும் சித்திரைத் திருவிழாவின்போதும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து மஞ்சளாடை உடுத்த மக்கள் நடந்தே இங்கு வருகிறார்கள். சிலர் ஒரே இரவில் 20, 30 கிலோமீட்டர். சிலர் இரண்டு மூன்று நாட்களில் அதைவிடப் பன்மடங்கு. நெடுந்தூரம் என்பது நகர மக்களுக்குப் புதிய பொழுதுபோக்காகத் தோன்றினாலும், இந்த மண்ணில் அதற்கு வேர் இருக்கிறது. பாதயாத்திரை செல்வோர் வெயிலைத் தவிர்த்து இரவில் நடக்கின்றனர், தனியே செல்வதில்லை, சோர்ந்தவரை நடுவே வைத்து நடக்கின்றனர், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் நீர்மோரும் பானகமும் பெறுகின்றனர்.

இவ்விரு பானங்களும் ஆராய்ந்து பார்க்கத்தக்கவை. பானகம் என்பது வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் கலந்த நீர். அதாவது, எரிபொருளும் நீரும் ஒருசேர. நீர்மோரில் உப்பும் நீரும். விளையாட்டு வீரர்களுக்கென்று தொழிற்சாலையில் கலந்து விற்கும் பானங்களின் அடிப்படைப் பொருள்களும் இவைதாம். வியர்வையோடு சோடியமும் வெளியேறுவதால், தாகத்துக்கு மிஞ்சி வெறும் நீரை மட்டுமே ஓயாமல் குடிப்பவரின் குருதியில் சோடியத்தின் செறிவு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். இதனைக் குருதிச் சோடியக் குறைவு என்பர்; தலைவலி, குழப்பம், முற்றினால் வலிப்பு, உயிரிழப்பு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் குருதி ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருந்தது கண்டறியப்பட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் மெதுவாக ஓடி, வழியெல்லாம் நீர் குடித்து, புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்களே இதில் மிகுந்த அபாயத்துக்கு உள்ளானவர்கள். 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. தூரம் கூடும்போது புதிதாக முளைக்கும் இடர்களில் இதுவும் ஒன்று.

மற்றொன்று வெப்பம். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது திருச்சிக்கு வழக்கம். வெப்பத்தில் குருதியின் ஒரு பகுதி தோலைக் குளிர்விக்கச் செல்வதாலும், வியர்வையால் குருதியின் நீரளவு குறைவதாலும், அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு நேரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே போகிறது. குளிர்நாட்டுப் பயிற்சி அட்டவணைகளில் உள்ள வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு திருச்சிச் சாலையில் ஓடுவது அதனால்தான் தீங்கானது. கேரளத்தின் ஓ.பி. ஜெய்ஷா, 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 1500 மீட்டரில் வெண்கலம் வென்ற சில மாதங்களில், 2015 ஜனவரியில் மும்பையில் மாரத்தானை 2 மணி 37 நிமிடம் 29 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்து, அதே ஆண்டு பெய்ஜிங்கில் அதனை 2:34:43 ஆக்கியவர். அவ்வளவு தேர்ந்தவரும் 2016 ரியோ ஒலிம்பிக்கின் வெயிலில் எல்லைக்கோட்டைக் கடந்ததும் மயங்கி விழுந்தார்.

சமயபுரச் சாலையில் உச்சிவேளையில் நிழல் குறைவு. புளிய மரத்தடியில் நுங்கு சீவிக்கொண்டிருந்தவரிடம் ஒரு தொன்னை வாங்கி உண்டபின் பயணம் தெற்கு நோக்கித் திரும்பியது.

காஜாமலை

காஜாமலையில் உள்ள அண்ணா விளையாட்டரங்கத்தின் 400 மீட்டர் ஓடுதளத்தில் மாலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. லால்குடி அருகே வழுத்தியூரிலிருந்து 400 மீட்டரில் ஆசிய விளையாட்டுப் பதக்கம்வரை சென்ற ஆரோக்கிய ராஜீவ், தொடரோட்டத்தில் டோக்கியோ ஒலிம்பிக் சென்ற சுபா வெங்கடேசன் ஆகியோரைத் தந்தது இம்மாவட்டம். முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019இல் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்று, பின்னர் ஊக்கமருந்துத் தடையால் அப்பதக்கத்தை இழந்தார். நாடறிந்த திருச்சி ஓட்டக்காரர்களின் தூரம் பெரும்பாலும் 800 மீட்டரோடு நின்றுவிடுவது கவனிக்கத்தக்கது. அதற்கு அப்பாற்பட்ட தூரத்தைக் காண அண்டை மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

கவிநாடு

திருச்சியிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் புதுக்கோட்டை. கீரனூரைக் கடந்ததும் காவிரிப் படுகையின் பசுமை முற்றிலும் மறைந்து, செம்மண்ணும் தைல மரக் காடுகளும் கரும்பாறைகளும் தொடர, நார்த்தாமலைக் குன்றுகள் சாலைக்கு அருகே எழுந்து நிற்கின்றன. வழியில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் கிடைத்தன. நெய் தோசையைவிட ஓட்டக்காரருக்கு உகந்த உணவு என்பதில் ஐயமில்லை. புதுக்கோட்டையை ஒட்டிய கவிநாடு, பெரிய கண்மாயின் பெயரால் அறியப்பட்ட ஊர். இங்கிருந்துதான் இந்தியாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் இருவரான கோ. லட்சுமணனும் லோ. சூர்யாவும் உருவானார்கள்.

2017ஆம் ஆண்டு ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் லட்சுமணன் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். சூர்யா 2016 குவஹாட்டி தெற்காசிய விளையாட்டில் அதே இரு தூரங்களிலும் தங்கம் வென்று, 2017 டெல்லி அரை மாரத்தானில் 1 மணி 10 நிமிடம் 31 வினாடியில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தார். ஓடுதளத்தில் 25 சுற்று ஓடுபவர் சாலையில் 21 கிலோமீட்டருக்கு ஏறியது இங்கே மிக இயல்பாக நடந்திருக்கிறது. ஏனெனில் இவர்கள் நாள்தோறும் ஓடும் தூரமே அதற்கு நிகரானது. பந்தயத்தில் ஓடும் தூரத்தைக் காட்டிலும் பயிற்சியில் ஓடும் தூரமே ஒருவரின் உண்மையான தூரம்.

நெடுந்தூரம் கால்களை மட்டும் சோதிப்பதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் லட்சுமணன் மூன்றாவதாக வந்து முடித்தார். ஆனால் இடையில் ஒருமுறை ஓடுதளத்தின் உட்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டு, வெண்கலத்தை இழந்தார். அரை மணி நேரத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் காலடிகள். அவற்றில் ஒன்று தவறியது. தூரம் கூடக்கூடக் கவனம் சிதறுவதற்கான வாய்ப்பும் கூடுகிறது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று தமிழகத்தில் இல்லை.

மாலையில் கண்மாய்க் கரையின் மண்பாதையில் பள்ளிச் சிறுவர் சிறுமியர், சிலர் வெறுங்காலோடு, பேசிச் சிரித்தபடி மெல்ல ஓடிக்கொண்டிருந்தனர். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதற்கு அவர்களில் பெரியவளான சிறுமி, "கிலோமீட்டர்லாம் தெரியாது. இருட்டுற வரைக்கும்" என்றாள். அருகில் ஓடிய மற்றவர்கள் நிற்கவில்லை. அவளும் உடனே சென்று சேர்ந்துகொண்டாள். காவிரிப் பாலத்தில் முதியவர் கெஞ்சிக் கேட்ட வேகம் இங்கே குழந்தைகளுக்கு இயல்பாக வாய்த்திருந்தது. வண்டி வராத மென்மையான மண்பாதை, ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் மர நிழல், ஓடுவதற்குத் துணை: கவிநாட்டின் செல்வம் இவ்வளவே.

மீண்டும் அரியமங்கலம்

இரவில் திரும்பியபோது அரியமங்கலம் தேநீர்க் கடையில் மின்பணியாளர் அடுத்த வார அட்டவணையைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அரை மாரத்தானிலிருந்து முழு மாரத்தானுக்கு ஒரே தாவலாகத் தாவாமல், சென்னை மாரத்தானில் இடைப்படியாக உள்ள 20 மைல், அதாவது 32.186 கிலோமீட்டர் ஓட்டத்தை முதலில் ஓடுவது என்று முடிவு செய்திருந்தார். சுவர் நிற்கும் இடத்தைத் தொட்டுப்பார்த்துத் திரும்புவதற்கு அது சரியான தூரம். பாலத்தின் மீது நடந்த வாதம் வீண்போகவில்லை. நீளோட்டத்துக்கு ஞாயிறுதோறும் திருவரங்கம்வரை செல்வதாகவும் எழுதியிருந்தார். ஊரிலேயே ஓடலாமே என்ற கேள்விக்கு, எங்கே என்று கையை விரித்தார். புறவழிச்சாலையில் லாரிகள், தஞ்சாவூர் சாலையில் பேருந்துகள், உட்தெருக்களில் நாய்கள்.

குப்பை நீங்கி மீளும் நிலத்தில் என்ன அமையவேண்டும் என்பதைப் பலரும் பலவாறு சொல்கின்றனர். கட்டடங்கள் எவை வந்தாலும் வரட்டும். அந்நிலத்தின் ஓரமாக, தார் போடாமல், கல் பதிக்காமல், செம்மண் கொட்டி, இருபுறமும் புங்கமும் வேம்பும் நட்டு, விடியற்காலை நாலு மணிக்கும் எரியும் விளக்குகளோடு ஒரு மண்பாதையை மட்டும் மாநகராட்சி ஒதுக்கித் தர வேண்டும். 47 ஏக்கரைச் சதுரமாகக் கொண்டால் அதன் சுற்றளவு 1,700 மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆறு சுற்றில் 10 கிலோமீட்டர் கடந்துவிடும். இருபத்து நான்கு சுற்றும் ஒரு கால் சுற்றும் ஓடினால் ஒரு முழு மாரத்தான்.